அத்தியாயம் 1: கொரிய மொழி – முதல் மூன்று மாதம்

கொரிய நாடகம் பார்த்து ஆசை வந்தவர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கொரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், சியோலில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருப்பவர், கொரியாவில் வேலைக்குப் போக இலங்கையில் மொழித் தேர்வு எழுதுபவர். இந்த அத்தியாயம் உங்கள் எல்லோருக்கும் பொருந்தும். தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். மூன்று மாத முடிவில் எதையும் எழுத்துக்கூட்டி வாசிப்பீர்கள், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வீர்கள், கடையில் விலை கேட்டு வாங்குவீர்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். கொரிய மொழியைத் தமிழிலிருந்து நேராகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கடினமான வாக்கிய அமைப்பு உங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. உங்கள் உழைப்பு போகவேண்டிய இடம் காதும் வாயும்தான்.

## தேவையானவை

1. கட்டம் போட்ட நோட்டு ஒன்று. எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடக்கி எழுதிப் பழக இது அவசியம்.
2. ஹங்குல் எழுத்து அட்டவணை. அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.
3. கைப்பேசியில் கொரிய விசைப்பலகை. அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் வந்துவிடும். மெய்கள் இடப்பக்கமும் உயிர்கள் வலப்பக்கமும் இருக்கும்.
4. ஒலியோடு கூடிய ஒரே ஒரு பாடத்தொடர். கிங் செஜோங் இன்ஸ்டிடியூட்டின் தொடக்கநிலைப் புத்தகங்கள் நல்ல தேர்வு. சென்னையில் இருப்பவர்கள் இன்கோ சென்டரின் கொரிய வகுப்புகளை விசாரிக்கலாம்.
5. நேவர் அகராதி. சொல்லின் உச்சரிப்பையும் அதில் கேட்கலாம்.

குறிப்பு: ஒரே நேரத்தில் நான்கு செயலிகளை இறக்காதீர்கள். ஒவ்வொன்றும் முதல் பாடத்திலிருந்தே தொடங்கும். நீங்களும் முதல் பாடத்திலேயே நிற்பீர்கள்.

## படி 1: எழுத்து (முதல் இரண்டு வாரம்)

கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். இன்று அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. இவற்றிலிருந்து பிறக்கும் இரட்டை மெய்கள் 5, கூட்டு உயிர்கள் 11. ஆக மொத்தம் 40. 247 எழுத்தைச் சின்ன வயதில் கற்ற உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

இந்த வரிசையில் படியுங்கள்:

1. உயிர் எழுத்துகள். நெட்டுக்கோட்டின் வலப்புறம் சிறு கோடு வந்தால் ‘ஆ’. இடப்புறம் வந்தால், உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஒருவகை ‘ஒ’. படுக்கைக்கோட்டின் மேலே சிறு கோடு வந்தால் ‘ஓ’, கீழே வந்தால் ‘ஊ’. சிறு கோடு இரண்டானால் முன்னால் ‘ய்’ சேரும்: யா, யொ, யோ, யூ. வெறும் நெட்டுக்கோடு ‘இ’. வெறும் படுக்கைக்கோட்டைப் பற்றிப் படி 2-இல் பார்ப்போம்.
2. மெய் எழுத்துகள். அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம், குடும்பமாகப் படியுங்கள். ‘க’ ஒலிக்கான எழுத்தில் ஒரு கோடு கூடினால் மூச்சோடு சொல்லும் ‘க’. ‘ந’ எழுத்தின் மேல் ஒரு கோடு ‘த’. இன்னொரு கோடு மூச்சோடு ‘த’. சதுரம் ‘ம’, அதிலிருந்து ‘ப’வும் மூச்சோடு சொல்லும் ‘ப’வும் கிளைக்கின்றன. வாயும் நாக்கும் ஒலிக்கும்போது இருக்கும் நிலையைப் பார்த்து வரையப்பட்ட வடிவங்கள் இவை. அதனால்தான் உறவுள்ள ஒலிகள் உறவுள்ள வடிவத்தில் இருக்கின்றன.
3. வட்டம். அசையின் தொடக்கத்தில் வட்டம் வந்தால் அதற்கு ஒலி கிடையாது. உயிரைத் தாங்க மட்டும் நிற்கிறது. அசையின் கடைசியில் வந்தால் அதே வட்டம் ‘ங்’.
4. அசைக் கட்டம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்தில் அமரும். நம் உயிர்மெய் போலத்தான். நெட்டுக்கோட்டு உயிர் மெய்யின் வலப்பக்கம் நிற்கும். படுக்கைக்கோட்டு உயிர் மெய்யின் கீழே நிற்கும். அசையை முடிக்கும் மெய் எல்லாவற்றுக்கும் அடியில் வரும். அதன் பெயர் பாத்சிம்.
5. எழுதும் முறை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். வட்டத்தை உச்சியில் தொடங்கி இடஞ்சுழியாகச் சுற்றுங்கள்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு சோதனை. கொரிய உணவுப் பொட்டலம் ஒன்றின் மேலுறையை எடுத்து, பொருள் தெரியாவிட்டாலும் வாய்விட்டு வாசியுங்கள். தடுமாறாமல் வாசிக்க முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருங்கள். அந்த வாரம் வீண்போகாது.

எச்சரிக்கை: சொற்களுக்குப் பக்கத்தில் ரோமன் எழுத்திலோ தமிழிலோ உச்சரிப்பை எழுதி வைக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் கொரியச் சொற்களைத் தமிழில் தந்திருப்பது அடையாளம் காட்ட மட்டுமே. சரியான ஒலியை அகராதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## படி 2: காதும் வாயும் (மூன்றாம், நான்காம் வாரம்)

முதலில் உங்களுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள்.

தமிழில் ‘க’ சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் ‘அகம்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே, இடத்தைப் பார்த்து வாய் தானே மாற்றிக்கொள்கிறது. கொரிய மொழியின் சாதாரண க, த, ப எழுத்துகளும் இதே பழக்கம் உள்ளவை. தமிழ் வாசிப்பது போல வாசியுங்கள், பாதி சரியாகிவிடும்.

இரண்டாவது, அந்த வெறும் படுக்கைக்கோடு. ஆங்கிலம் பேசுவோரைத் திணறடிக்கும் உயிர் இது. ‘பாக்கு’, ‘காது’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரத்தில் உதடு குவிவதில்லையே, அந்தக் குற்றியலுகரம்தான் இது. அதைத் தனியாக எடுத்துச் சொல்லிப் பழகுங்கள்.

இனி உழைக்க வேண்டியவை.

1. மூன்று வகை வல்லினம். நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்கும் உரிய கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘தால்’ என்றே வரும். கொரியர் காதில் அவை மூன்று தனிச் சொற்கள். பயிற்சி இது:

- ஒரு மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடியுங்கள்.
- மூச்சு வகை (முகமூடி): காகிதம் நன்றாக அசைய வேண்டும். குரல் உயரத்தில் தொடங்கும்.
- சாதாரண வகை (நிலா): காகிதம் லேசாக அசையும். குரல் தாழ்வாகத் தொடங்கும்.
- இறுக்க வகை (மகள்): காகிதம் அசையக்கூடாது. ‘அத்தை’ என்பதில் வரும் ‘த்த’வின் இறுக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இயல்பாகச் சொல்லும் முதலெழுத்து வல்லினம் கொரியர் காதில் இறுக்க வகையாகவே விழும். அதனால் சாதாரண வகைக்குக் கொஞ்சம் மூச்சு சேர்த்து, குரலைத் தாழ்த்துங்கள்.

2. இரண்டு வகை ஒகரம். ‘ஓ’ என்று சொல்லி நிறுத்துங்கள். நாக்கை அசைக்காமல் தாடையைத் தாழ்த்தி, உதட்டுக் குவிப்பை விடுங்கள். அந்த ஒலிதான் இடப்புறக் கோட்டின் உயிர். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் காப்பி கேட்கப் போய் மூக்கில் வடியும் ரத்தத்தைச் சொல்லிவிடுவீர்கள். இரண்டு சொற்களையும் பிரிப்பது இந்த ஓர் உயிர் மட்டுமே.

3. அசை இறுதி மெய். அடியில் எந்த எழுத்து இருந்தாலும் ஒலி ஏழில் ஒன்றுதான்: க், ன், த், ல், ம், ப், ங். சோற்றுக்கு ‘பாப்’. கடைசியில் உதடு மூடியபடியே நிற்க வேண்டும். ‘பாப்பு’ என்று உகரம் சேர்ப்பது நம் வழக்கம். ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ ஆக்கும் அதே பழக்கம். சொல்லி முடித்ததும் மூன்று நொடி வாயைத் திறக்காமல் இருங்கள். ஒரு வாரத்தில் விட்டுப்போகும்.

4. ஒலிப் புணர்ச்சி. வல்லின மெய்க்குப் பின் ந, ம வந்தால் முன்னது மெல்லினமாகும். ‘நன்றி’ என்பதன் எழுத்து ‘காம்சாஹாப்நிதா’, ஒலி ‘காம்சாஹாம்நிதா’. இறுதி மெய்க்குப் பின் உயிர் வந்தால் மெய் அடுத்த அசைக்குத் தாவும். தமிழிலும் உடல்மேல் உயிர்வந்து ஒன்றுகிறது அல்லவா, அதே இயல்புதான். விதிப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது பலன் தரும்.

## படி 3: வாக்கியம் (ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை)

‘ஜொனுன் பாபுல் மொகொயோ.’ நான் – சோற்றை – சாப்பிடுகிறேன். வரிசை அப்படியே தமிழ். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். தெரிந்த எழுவாயை விட்டுவிடலாம். ஆகவே ஆங்கில வாக்கியத்தை மொழிபெயர்க்காதீர்கள். தமிழ் வாக்கியத்தின் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி வையுங்கள்.

வரிசையாக இவற்றைப் பழகுங்கள்:

1. ‘-யோ’ முடிவு. வினையடியின் கடைசி உயிர் ‘ஆ’ அல்லது ‘ஓ’ என்றால் ‘ஆயோ’, மற்றவற்றுக்கு ‘ஒயோ’. ‘ஹா’ (செய்) மட்டும் ‘ஹெயோ’. காயோ (போகிறேன்), மொகொயோ (சாப்பிடுகிறேன்). திணை, பால், எண், இட விகுதி எதுவும் கிடையாது; நான், நீ, அவர்கள் எல்லாவற்றுக்கும் ‘காயோ’தான்.
2. இறந்த காலம். காஸ்ஸொயோ, மொகொஸ்ஸொயோ, ஹெஸ்ஸொயோ. சிறு மாற்றம்தான்.
3. மறுப்பு. வினைக்கு முன்னால் ‘ஆன்’: ஆன் காயோ. தமிழில் மறுப்பு பின்னால் வரும். இங்கே முன்னால் வருகிறது. ‘படிப்பு செய்’ போன்ற கூட்டு வினையில் ‘செய்’க்கு முன்னால்தான் வரும்: கோங்பு ஆன் ஹெயோ.
4. உருபுகள். ‘ஐ’க்கு ‘உல்’ அல்லது ‘ருல்’. ‘க்கு’வுக்கு ‘எ’. ‘உம்’முக்கு ‘தோ’.
5. விருப்பம். வினையடியோடு ‘கோ சிபொயோ’: மொக்கோ சிபொயோ, ‘சாப்பிடணும்போல இருக்கிறது’.
6. துணைவினைகள். இங்கே நீங்கள் மகிழ்ந்துபோவீர்கள். ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாம் சொல்வதை அவர்களும் சாப்பிடு, பார் என்ற இரண்டு வினைகளாலேயே சொல்கிறார்கள்: மொகொ புவாயோ. ‘செய்து கொடு’, ‘செய்துவிடு’ போன்றவற்றுக்கும் இணையான அமைப்பு உண்டு. ஆங்கிலவழிப் பாடங்கள் இதற்குத் தனி அத்தியாயமே எழுதும். நீங்கள் ஒரு மாலையில் கடந்துவிடலாம்.

தமிழ்ப் பழக்கம் காலை வாரும் மூன்று இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

- ‘ஆக இருக்கிறேன்’ இல்லாத வாக்கியம். ‘நான் மாணவன்’ என்றால் தமிழில் முடிந்தது. கொரிய மொழியில் பெயரோடு ‘இஎயோ’ அல்லது ‘யெயோ’ சேர்க்காவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்: ஜொனுன் ஹாக்செங்இஎயோ.
- இரண்டு ‘இல்’. ‘வீட்டில் இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஜிபெ’. ‘வீட்டில் சாப்பிடுகிறேன்’ என்பதற்கு ‘ஜிபெசொ’. இருப்பைச் சொன்னால் ‘எ’; ஒரு செயல் நடந்தால் ‘எசொ’.
- ‘உன்/நுன்’, ‘இ/கா’. முன்னது பேச்சுப்பொருளை எடுத்துவைக்கும். பேச்சுத்தமிழில் ‘நான் வந்து…’ என்று இழுப்போமே, அந்த வேலை. பின்னது ‘யார்?’, ‘எது?’ என்ற கேள்விக்கு விடையாக நிற்கும். தொடக்கத்தில் இவ்வளவு போதும். மீதி வாசிக்க வாசிக்க வரும்.

## படி 4: மரியாதை

நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசும் நமக்கு மரியாதை புதிதில்லை. ஆனால் கொரிய மொழியில் அது வினைமுற்றில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் இந்த ஐந்து விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

1. எல்லோரிடமும் ‘-யோ’ முடிவிலேயே பேசுங்கள். கடை, வகுப்பு, பக்கத்து வீடு, எங்கும் பொருந்தும்.
2. நேர்முகத் தேர்வு, கூட்டம், அறிவிப்பு ஆகியவற்றில் ‘-ம்நிதா’ முடிவு வரும். கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவு பழகுங்கள்.
3. நாடகங்களில் நண்பர்கள் பேசும் ‘-யோ’ இல்லாத பேச்சுக்கு பான்மால் என்று பெயர். எதிரில் இருப்பவர் அனுமதிக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.
4. ‘நீங்கள்’ என்பதற்கு அகராதி தரும் ‘தாங்ஷின்’ என்ற சொல்லைப் புதியவர்களிடம் பயன்படுத்தாதீர்கள். சண்டைக்கு இழுப்பது போல ஆகலாம். பெயரோடு ‘ஷி’ அல்லது பதவியோடு ‘நிம்’ சேர்த்து அழையுங்கள். ஆசிரியர் ‘சொன்செங்நிம்’. அலுவலகத்தில் ‘பூஜாங்நிம்’, ‘குவாஜாங்நிம்’ என்று பதவியே பெயராகும்.
5. ‘-செயோ’ மரியாதை அடுத்தவருக்கு மட்டும். ‘நான் வருகிறார்’ என்று நாம் சொல்லமாட்டோம். அதுபோல உங்கள் செயலுக்கு ‘-செயோ’ போடக்கூடாது.

குறிப்பு: அண்ணனைப் பெண் ‘ஓப்பா’ என்பாள், ஆண் ‘ஹ்யொங்’ என்பான். அக்காவைப் பெண் ‘ஒன்னி’ என்பாள், ஆண் ‘நூனா’ என்பான். ஆண்கள் நாடகத்தில் கேட்ட ‘ஓப்பா’வை எடுத்துக்கொண்டு அண்ணனை அழைக்க வேண்டாம்.

## படி 5: எண்கள் (ஒன்பதாம், பத்தாம் வாரம்)

இரண்டு எண் வரிசைகள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் குழம்பும். ஒரு வார இடைவெளி விடுங்கள்.

- சீன வழி எண்கள் (இல், இ, சாம், சா, ஓ…): பணம், தேதி, தொலைபேசி எண், நிமிடம்.
- கொரிய எண்கள் (ஹானா, துல், செத், நெத், தாசொத்…): பொருள்களின் எண்ணிக்கை, வயது, மணி.

மூன்றரை மணிக்கு இரண்டும் சேர்ந்து வரும்: ‘செ சி சாம்சிப் புன்’. மணி கொரிய எண்ணில், நிமிடம் சீன எண்ணில்.

பெரிய தொகையில் கவனம். நாம் ஆயிரம், லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். அவர்கள் பத்தாயிரத்தை ‘மான்’ என்ற அலகாக வைத்து எண்ணுகிறார்கள். ஒரு லட்சம் பத்து மான். ஒரு கோடி ஆயிரம் மான். சம்பளமும் வாடகையும் பேசும்போது, கேட்ட தொகையை எண்ணால் எழுதிக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## சொல் சேர்க்கும் வழி

1. நாளுக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு சிறு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.
2. சீன வேர்களைக் கவனியுங்கள். ‘ஹாக்’ என்றால் கல்வி: ஹாக்செங் மாணவர், ஹாக்க்யோ பள்ளி, தேஹாக் கல்லூரி. ஒரு வேர் தெரிந்தால் நாலைந்து சொல் எளிதாகும்.
3. ஆறு நாள் படித்து, ஏழாம் நாள் புதிதாக எதுவும் எடுக்காமல் பழையதைத் திருப்புங்கள்.

## ஒரு நாளின் முக்கால் மணி நேரம்

- 10 நிமிடம்: நேற்றைய சொற்களைப் பார்க்காமல் எழுதுதல்.
- 15 நிமிடம்: புதுப் பாடம்.
- 10 நிமிடம்: ஒலியைக் கேட்டு, பேசுபவரோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல்லுதல்.
- 10 நிமிடம்: அன்று நடந்ததைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுதல்.

நாடகம் வழியாகப் படிக்க விரும்பினால் முழுப் பகுதியையும் பார்ப்பது பயிற்சி ஆகாது. ஒரு நிமிடக் காட்சியை எடுங்கள். முதலில் வசனவரி இல்லாமல் கேளுங்கள். பிறகு கொரிய வசனவரியோடு கேளுங்கள். தெரியாத சொற்களைப் பாருங்கள். ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொல்லுங்கள். கடைசியில் உங்கள் குரலைப் பதிவுசெய்து ஒப்பிடுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- எழுத்து பழகும் முன்பே வாக்கியங்களை மனப்பாடம் செய்வது.
- மனதுக்குள் மட்டும் வாசிப்பது. வாய் பழகாத மொழி பேச்சுக்கு உதவாது.
- சொற்களுக்கு இடையில் இடைவெளி விடாமல் எழுதுவது.
- தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று காட்டும் காணொளிகளில் நேரம் போக்குவது. ‘ஒம்மா’, ‘ஆப்பா’ என்று அவர்களும் அழைப்பது உண்மை. ஆனால் இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஒத்த அமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

## பாதுகாப்பு

1. தொண்டை. இறுக்க ஒலிகளைப் பழகும்போது கத்த வேண்டாம். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். இறுக்கம் ஒரு கணம்தான், பலம் தேவையில்லை.
2. மொழிப் பரிமாற்றச் செயலிகள். கொரியர்களோடு பேசிப் பழக இவை நல்லவை. முகவரி, வங்கி விவரம், அடையாள அட்டைப் படம் எதையும் அனுப்பாதீர்கள். பரிசுப்பொதி சுங்கத்தில் சிக்கியிருக்கிறது, பணம் கட்டு என்று யாராவது சொன்னால் உடனே தடைசெய்யுங்கள்.
3. வேலைத் தரகர்கள். கொரிய அரசின் இ.பி.எஸ். வேலை அனுமதித் திட்டம் அரசுக்கு அரசு நடப்பது. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான் அதில் சேரலாம். இந்தியா அந்தத் திட்டத்தில் இல்லை. ஆகவே தமிழ்நாட்டில் யாராவது அந்தத் திட்டத்தில் ஆள் எடுப்பதாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டின் அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.
4. ஒப்பந்தங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி வேலை, வாடகை ஒப்பந்தங்களில் கையெழுத்திடாதீர்கள். நன்றாகக் கொரியம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள்.

## மூன்று மாத முடிவில்

கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கின் முதல் பிரிவில் கேட்டல் 30 கேள்வி, 40 நிமிடம். வாசித்தல் 40 கேள்வி, 60 நிமிடம். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. மொத்தம் 200 மதிப்பெண்ணில் 80 பெற்றால் முதல் நிலை, 140 பெற்றால் இரண்டாம் நிலை. முதல் நிலைக்குச் சுமார் 800 சொற்கள் வேண்டும். நாளுக்கு எட்டுச் சொல் என்ற கணக்கில், திருப்பும் நாட்களைக் கழித்தால் மூன்று மாதத்தில் 600-ஐத் தாண்டுவீர்கள். இன்னும் ஒரு மாதம் தொடர்ந்தால் அந்த இலக்கு கைக்கு எட்டும். பழைய வினாத்தாள்கள் தேர்வின் அதிகாரபூர்வ தளத்தில் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வாரத்தில் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைகிறதோ அதுதான் உங்கள் நான்காம் மாதப் பாடம்.

தேர்வுச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஆகவே படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும் காலத்தைப் பார்த்துத் தேர்வு எழுதுங்கள். அதுவரை ஒரு நாளும் விடாமல் வாய்விட்டு வாசியுங்கள். உங்களுக்குத் தெரிந்த இலக்கணம் காத்திருக்கிறது. நாக்கைப் பழக்குவது மட்டும்தான் பாக்கி. நாளைக்கு என்று தள்ளாமல், இன்று மாலையே கட்டம் போட்ட நோட்டில் முதல் பத்து உயிரெழுத்தை எழுதிவிடுங்கள்.